தரவு உறைப் பகுப்பாய்வு: வினைத்திறனை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரதேச செயலகங்களையோ வைத்தியசாலைகளையோ ஒப்பிட்டு, எது தன் ஆளணியையும் பணத்தையும் நன்றாகப் பயன்படுத்துகிறது என்று கண்டறிய விரும்பும் மாணவர்களும் திட்டமிடல் உத்தியோகத்தர்களும் கையிலெடுக்கும் கருவிகளில் ஒன்று தரவு உறைப் பகுப்பாய்வு. பாரெல் 1957 இல் முன்வைத்த கருத்தைச் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978 இல் நேரியல் நிரலாக்கமாக, அதாவது எல்லைகளுக்குட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடும் கணித முறையாக, வடித்தனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் உள்ளீடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் தனக்கு மிகச் சாதகமான நிறைகளை (ஒவ்வொன்றுக்கும் தரும் முக்கியத்துவத்தின் அளவுகளை) தெரிவுசெய்யலாம். நிறையிட்ட வெளியீடுகளின் கூட்டுத்தொகையை நிறையிட்ட உள்ளீடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே அதன் புள்ளி. ஆனால் அதே நிறைகளைக் கொண்டு கணித்தால் பட்டியலிலுள்ள எந்த நிறுவனத்தின் புள்ளியும் 1 ஐத் தாண்டக்கூடாது. கணினி இதை நொடியில் தீர்த்துவிடும். தவறுகளோ பெரும்பாலும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

அவற்றில் முதலாவது, கிடைத்த மாறிகளையெல்லாம் அள்ளிப் போடுவது. உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் எண்ணிக் கூட்டி, அதன் 3 மடங்குக்குக் குறையாமல் நிறுவனங்கள் இருக்க வேண்டும் என்பது வழக்கிலுள்ள அளவு. 3 உள்ளீடுகளும் 3 வெளியீடுகளும் என்றால் 18 செயலகங்கள் தேவை. மட்டக்களப்பு மாவட்டத்தில் இருப்பவை 14. மீறிச் செய்தால் பல செயலகங்கள் 1 பெற்றுவிடும். அதைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை: ஒவ்வொன்றும் தான் முந்தி நிற்கும் ஏதோவொரு மாறியைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பூச்சிய நிறை கொடுத்துவிட்டது என்பதே அதன் பொருள். ஒரே வகைக் கடமைகளைச் செய்வதால் அம்பாறையின் 20 செயலகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையைக் கிராமப்புறப் பிரதேச வைத்தியசாலைகளோடு ஒரே பட்டியலில் வைப்பது நியாயமன்று.

அதிகம் குழப்புவது அளவுத்திட்ட எடுகோள், அதாவது நிறுவனத்தின் பருமன் மாறும்போது உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான விகிதம் மாறுமா என்பது பற்றிய எடுகோள். கற்பனையாக மூன்று வைத்தியசாலைகளை எடுத்துக்கொள்வோம்: முதலாவதில் 4 தாதியர், நாளொன்றுக்கு 40 நோயாளர்; இரண்டாவதில் 10 தாதியர், 150 நோயாளர்; மூன்றாவதில் 40 தாதியர், 480 நோயாளர். தாதி ஒருவருக்கு முறையே 10, 15, 12 பேர். 1978 ஆம் ஆண்டு மாதிரி, அளவு மாறினாலும் விகிதம் மாறாது என்று கொள்வதால், புள்ளிகள் 0.67, 1, 0.80 என வரும். பாங்கர், சார்ன்ஸ், கூப்பர் 1984 இல் தந்த, அளவுக்கேற்ப விகிதம் மாற இடங்கொடுக்கும் மாதிரியில் மூன்றுமே 1 பெறும். மிகச் சிறியது அதனைவிடக் குறைந்த ஆளணியுடையது வேறில்லை என்பதாலும், மிகப் பெரியது அதனைவிட அதிக நோயாளரைப் பார்ப்பது வேறில்லை என்பதாலும் தப்பிவிடுகின்றன. ஒன்றை மட்டும் கணித்து அறிக்கை எழுதுவது அரைகுறை வேலை. இரண்டையும் கணித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அளவினால் வரும் குறைபாடு தனியே தெரியும்.

உள்ளீட்டைக் குறைப்பதா, வெளியீட்டைக் கூட்டுவதா என்ற திசையையும் பலர் மென்பொருளின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். ‘வெளிநோயாளர் தொகையை 20 சதவீதம் கூட்டவும்’ என்று வைத்தியசாலைக்குப் பரிந்துரைப்பது ஊரில் நோய் பெருக வேண்டும் என்று கேட்பதற்குச் சமம்! மறுபுறம், ஆளணியை நிர்ணயிப்பது அந்த வைத்தியசாலையின் பொறுப்பதிகாரி அல்லர். யாருடைய கையில் எது இருக்கிறது என்பதை எழுதிவைத்த பிறகே திசையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரையின் சிகிச்சை நிலையம் ஒன்றும் கிழக்கிலுள்ள எழுவான்கரையில் பிரதான வீதியோரம் உள்ள ஒன்றும் ஒரே தரவுக் கோப்பில் இருக்கலாம். ஒரே நிலைமையில் இல்லை. வடகீழ்ப் பருவ மழையில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும் நாட்களிலும், யானைப் பயத்தால் மாலைக்குப் பின் ஆட்கள் வெளிக்கிடாத கிராமங்களிலும் வருகை குறைவதற்கு ஊழியரின் சோம்பல் காரணமன்று. இத்தகைய சூழல் காரணிகளைப் பின்னர் ஒரு பிற்செலவுச் சமன்பாட்டில் (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று மதிப்பிடும் சமன்பாட்டில்) சேர்ப்பது வழக்கம். ஆனால் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் சாதாரண முறைகளின் முடிவை நம்ப முடியாது என்று சிமார், வில்சன் இருவரும் 2007 இல் காட்டி, மாதிரிகளை மீண்டும் மீண்டும் உருவாக்கிக் கணிக்கும் மீள்மாதிரியெடுத்தல் வழியொன்றைத் தந்தனர்.

தரவுப் பிழைக்கும் இம்முறை மிக எளிதில் ஏமாறும். மாதாந்த அறிக்கையில் ஓரிடத்தில் ஒரு பூச்சியம் கூடிவிட்டால், அந்த நிறுவனம், 1 பெற்ற நிறுவனங்களை இணைக்கும் எல்லைக்கோட்டை மேலே இழுத்து மற்றப் பலவற்றின் புள்ளிகளைச் சரித்துவிடும். எல்லையில் நிற்கும் ஒவ்வொன்றையும் ஒருமுறை நீக்கிக் கணித்துப் பார்ப்பது சிறு வேலைதான்.

கடைசியாக, 1 பெற்ற நிறுவனத்திலும் மீந்து கிடக்கும் உள்ளீடு இருக்கலாம். புள்ளியை மட்டும் அச்சிட்டு, மென்பொருள் அதனருகே தரும் மிகை அளவுகளை அறிக்கையில் சேர்க்காமல் விட்டால், ஓடாமல் நிற்கும் வாகனம் யாருடைய கண்ணிலும் படாது.