எல்லாவற்றையும் நான்கிங் தலையில் கட்டாதீர்கள்

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் சீனாவோடு நடத்திய அபினிப் போர்களைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தருகிறேன். ஆண்டு பிசகுவது, பெயர் மாறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். தொடக்கத்தில் நானும் செய்த ஒரு தவறு மட்டும் ஓயாமல் திரும்பி வருகிறது. முதலில் அது, பிறகு அதோடு சேர்ந்து வரும் சில.

எல்லாம் 1842 என்பது

முதல் போரை முடித்த நான்கிங் ஒப்பந்தம் 1842 ஆகஸ்ட் 29 அன்று கார்ன்வாலிஸ் போர்க்கப்பலில் கையெழுத்தானது. ஹாங்காங் தீவு, ஐந்து துறைமுகங்கள், 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர், அயல்நாட்டு வணிகத்தில் கான்டன் துறைமுக வணிகர் குழுவுக்கு இருந்த ஏகபோகத்துக்கு முடிவு: இவை அதில் உண்டு. குற்றம் செய்த பிரிட்டிஷ்காரரைச் சீன நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற விலக்கு அதில் இல்லை. வேறு நாட்டுக்குச் சீனா தரும் சலுகை பிரிட்டனுக்கும் உண்டு என்ற ஷரத்தும் இல்லை. இரண்டும் 1843இல் வந்தவை. முன்னது பொது வணிக விதிகளில், பின்னது அக்டோபரில் ஹூமென் துணை ஒப்பந்தத்தில்.

“ஒரு வருஷம்தானே சார், என்ன போச்சு?” என்றார் ஒரு மாணவர். அவர் கட்டுரையில் இரண்டாம் போர் 1856இல் ஆரோ என்ற கப்பலின் மாலுமிகளைச் சீன அதிகாரிகள் கைது செய்த தகராறில் திடீரென்று வெடிக்கிறது. உண்மையில், நான்கிங் ஒப்பந்தத்தில் அதைத் திருத்த வழியே வைக்கவில்லை. 12 ஆண்டு கழித்துத் திருத்தலாம் என்றது 1844இல் அமெரிக்கா போட்ட வாங்சியா ஒப்பந்தம். 1843 ஷரத்தைக் காட்டி அந்த உரிமை தனக்கும் உண்டென்ற பிரிட்டன், 1842இலிருந்து எண்ணி 1854இலேயே வந்து நின்றது. சீனாவை ஆண்ட சிங் அரசு இணங்கவில்லை. பகை அங்கேயே முற்றிவிட்டது. ஆரோ கிடைத்த சாக்கு. 1843ஐ விட்டவருக்கு இந்தத் தொடர்பு பிடிபடாது. ஒரு நாடு பிடுங்கியது எல்லா நாடுகளுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் விளங்காது.

அபினி 1842இல் சட்டபூர்வமானது என்பது

இல்லை. 1858இல், ஷாங்காயில் வகுத்த சுங்க விதிகளில்.

ஹாங்காங்கை ஒரே தவணையில் கொடுப்பது

தீவு 1842, கௌலூன் 1860, புதிய பகுதிகள் 1898இல் 99 ஆண்டுக் குத்தகை.

டாலரோடு டேலைக் கூட்டுவது

1842 இழப்பீடு டாலரில். போரில் தோற்று ஜப்பானுக்கு 1895இல் ஒப்புக்கொண்ட 20 கோடியும், அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்துக்குப் பின் 1901இல் விதித்த 45 கோடியும் டேலில், அதாவது வெள்ளி எடையில். 1901 தொகைக்கு 39 ஆண்டுத் தவணை, 4% வட்டி. வட்டி சேர்ந்தால் இருமடங்கைத் தாண்டும்.

பிரிட்டிஷ் படை என்றதும் வெள்ளைக்காரரை மட்டும் நினைப்பது

1841 மே மாதம், கான்டன் அருகே சான்யுவான்லி ஊர்மக்கள் சுற்றி வளைத்தது மதராஸ் 37ஆம் காலாட்படைச் சிப்பாய்களை. மழையில் துப்பாக்கிகள் நனைந்து சுட முடியாமல் நின்றவர்கள் அவர்கள். தமிழில் எழுதுகிறவர்களே இவர்களை விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.