டிரம் பிரேக் உள்ள பழைய காரில் வீல் ஸ்டட் மாற்றுவது எப்படி?

சில்லைத் தாங்கும் ஹப்பிலிருந்து வெளியே நீட்டி நிற்கும், நட் பூட்டப்படும் மரைக்கம்பிதான் வீல் ஸ்டட். மொறிஸ் மைனர் 1000இல் அது 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர்தான். இன்றைய வான்களுக்கு அடிக்கும் எயார் கன்னை (காற்றழுத்தத்தில் நட் இறுக்கும் கருவி) அதே வேகத்தில் இதற்கும் அடித்தால் ஸ்டட் இழுபட்டு நீளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் நட்டைக் கழற்றும்போது நட்டோடு சேர்ந்து கையில் வரும். ஸ்டட் முறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஸ்பெனரில் நீளக் குழாய் மாட்டி முறுக்குவது அடுத்தது.

முறிந்தது ஒன்றானாலும் அந்தச் சில்லில் உள்ள நான்கையும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே அடி வாங்கியவைதான்.

வாங்கும் முன்

பழைய ஸ்டட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மரை, நீளம், தலைக்குக் கீழே பல் வெட்டிய பகுதியின் விட்டம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மைனர் 1000இல் அங்குலத்துக்கு 24 மரை, யூஎன்எஃப் எனும் நுண்மரை வகை. அதைவிடப் பழைய பிரித்தானிய வண்டிகளில் பிஎஸ்எஃப் எனும் பிரித்தானிய நுண்மரையும் வரும். அது 3/8க்கு 20 மரை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, மரை அளவுகோல் வேண்டும்.

மோசமாக ஏமாற்றுவது 1/2 அங்குல யூஎன்எஃப். அதன் மரை இடைவெளி 1.27 மில்லிமீட்டர். ஜப்பான் வண்டிகளில் வரும் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஒரு வகைக்கு 1.25. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வந்த 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் பழைய 1/2 அங்குல நட் வழுக்கிக்கொண்டு ஏறும். சுகமாக ஏறுகிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் 0.7 மில்லிமீட்டர் விட்டம் குறைவு. மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும்.

பழைய டொட்ஜ், பிளிமத் வண்டிகளில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்டட் நுனியில் ஆங்கில ‘எல்’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில்காரர்களுக்கு இந்த வேலையே இல்லை. அதில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட்.

இடம்

மலையகத்தில் சமதரை தேடுவதே பாதி வேலை. கோயில் முற்றமோ ஃபக்டரி வளவோ, எங்காவது சமமான இடம் பாருங்கள். பின்சில்லு வேலை என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளைத்தான். டிரம் கழற்ற அதையே விடுவிக்க வேண்டும். ‘கியரில் போட்டிருக்கிறேனே’ என்பதும் உதவாது. ஒரு பின்சில்லு அந்தரத்தில் இருந்தால், இரு பின்சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷல் அதைச் சுற்றவிடும், தரையில் உள்ள சில்லு தாராளமாக உருளும். ஆகவே தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

கழற்றுதல்

சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஜக் போடுங்கள். சில்லைக் கழற்றியபின் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். மைனரில் முன்பக்க டிரம்முக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு ஒன்று. டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவும் துருவில் இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, இம்பாக்ட் ஸ்குரூடிரைவரால் தட்டித் திருப்புங்கள்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

ஹப்பைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஸ்டட்டின் தலை பின்னால் வெளியேற இடைவெளி கிடைத்தால் ஹப் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் ஹப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஹப் நட்டும் ஒரு பக்கம் இடமரையாக இருக்கலாம், மரையைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

பேரிங்கோடு நிற்கும் ஹப்பில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடி பேரிங்கின் ஓடுபாதையில் குழி போடும், சில நாளில் இரைச்சல் தொடங்கும். ஜி-கிளாம்ப்பும் பெரிய சொக்கெட்டும் வைத்து நெருக்கி வெளியே தள்ளுங்கள். சில அமெரிக்க வண்டிகளில் ஸ்டட்டின் கழுத்தை விரித்து அடித்து டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். அதைத் தள்ளினால் துளை பெருத்துவிடும். விரிந்த பகுதியை வெட்டிய பிறகே தள்ள வேண்டும். லேத் பட்டறைக்குக் கொடுங்கள்.

புதியதை ஏற்றுதல்

துளையைத் துடைத்து ஸ்டட்டைப் பின்னாலிருந்து விடுங்கள். விரல் அழுத்தத்திலேயே முழுவதும் உள்ளே போனால் ஸ்டட் தவறு, அல்லது துளை தேய்ந்தது. அதைப் பூட்ட வேண்டாம்.

பட்டறையில் பிரஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்பக்கம் தடித்த வாஷர் நாலைந்து போட்டு, பழைய நட் ஒன்றின் தட்டைப் பக்கம் உள்ளே பார்க்கும்படி பூட்டி மெல்ல இழுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வாஷருக்கும் நட்டுக்கும் கிரீஸ் தடவலாம். ஒரே சீராக இறுகிவந்த நட் சட்டென்று கல்லாகும், அங்கே நிறுத்துங்கள். பின்னால் தலைக்கும் ஹப்புக்கும் நடுவே பத்திரிகைத் தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. நுழைந்தால் அந்த இடைவெளி ஓடும்போது மூடும், நட் தளரும்.

பூட்டுதல்

மரையில் உள்ள கிரீஸை முழுக்கத் துடையுங்கள். டிரம்மும் சில்லும் தொடும் முகங்களில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் எடுங்கள். டிரம்மை மாட்டி அட்ஜஸ்டரைச் சரிசெய்த பின் சில்லைப் போட்டு, நட்டின் கூம்புப் பக்கம் உள்ளே வரும்படி குறுக்குமறுக்காக இறுக்குங்கள். 3/8 அங்குல ஸ்டட்டுக்கு 40 முதல் 45 இறாத்தல்-அடி போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் இதைக் கையால் ஊகிக்க முடியாது. ஒன்றை இரவலாவது வாங்குங்கள்.

50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கினால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். ஆனால் இறக்கத்தில் டிரம் கொதித்திருக்கும். ஆறவிட்டே டோர்க் ரென்ச் வையுங்கள். முதல் தடவை நட் கால் சுற்று ஏறினால் பரவாயில்லை. இரண்டாம் தடவையும் ஏறினால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள், டிரம்மைக் கழற்றி ஸ்டட்டின் தலையைப் பாருங்கள்.