ப்ரீ-மெட் கல்லூரி தேடுகிறீர்களா? இதைக் கேளுங்கள்

அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிக்கு முன் (அதுதான் ப்ரீ-மெட்) நான்கு வருட இளங்கலைக் கல்லூரி தேடும்போது, 'எங்கள் மாணவர்களில் விண்ணப்பித்த இத்தனை சதவீதம் பேருக்கு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது' என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சில கல்லூரிகள் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) குறைந்தவர்களுக்குக் கமிட்டிக் கடிதமே, அதாவது மருத்துவப் பள்ளிக்குக் கல்லூரிக் குழு எழுதும் பரிந்துரைக் கடிதமே, தருவதில்லை. அவர்களில் பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிட, சதவீதம் தானாக ஏறிவிடும். முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள்.

அப்புறம் செலவு. மருத்துவப் பள்ளி இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. இளங்கலைக்கே பெரிய கடன் வேண்டாம். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு என்றால், நான் தயங்காமல் அதையே சொல்வேன்.

மேஜர் (முதன்மைப் பாடம்) எதுவானாலும் சரி. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற தேவையான பாடங்களை ஆய்வக வகுப்போடு முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் எம்கேட் (மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணும் கேட்கும்.