கஃபே தொடங்கும் முன் கரண்ட் பில்லைக் கேளுங்கள்

கஃபே தொடங்கப் போகிறேன் என்று போன வாரம் ஒரு தம்பி வந்தார். லோகோவில் மூன்று மாதிரி, கப்பில் ஐந்து மாதிரி, சுவருக்கு எந்தப் பச்சை என்பதுவரை முடிவு செய்திருந்தார். "இடத்துக்கு எத்தனை கிலோவாட் இணைப்பு?" என்றேன். "கரண்ட் இருக்குண்ணா" என்றார். நான் முதல் கடை போட்டபோது சொன்ன அதே பதில்.

சுத்தமாக வைத்திருங்கள், சிரித்துப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். புதிதாகக் கடை போடுபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இடம் பிடித்ததும் கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. என் முதல் இடம் பார்க்க அவ்வளவு அழகு: அகலமான கண்ணாடி, காலை வெயில், வாசலில் நல்ல ஆள் நடமாட்டம். அதற்கு முன் அது துணிக்கடை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். துணிக்கடைக்கு விளக்கும் விசிறியும் போதும், தண்ணீர் கிட்டத்தட்ட தேவையே இல்லை. ஆனால் இரண்டு குரூப் (காபி இறங்கும் முனை இரண்டு உள்ள) எஸ்பிரெசோ மெஷின் ஒன்றே பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவாட் இழுக்கும். ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் 12, 15 என்று எகிறிவிடும். எனக்கு இருந்தது 5 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ்.

திறப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை பார்த்தோம். மெஷின் சூடாகும்வரை ஒன்றுமில்லை. ஓவனைப் போட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தது. பிரேக்கரைத் தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்தது. பாதி நுரைத்த பாலோடு, காபி போடும் பரிஸ்டா இருட்டில் நின்றுகொண்டிருந்தார். பெரிய பிரேக்கராக மாட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதை மட்டும் கேட்காதீர்கள். பிரேக்கர் விழாது, ஒயர்தான் எரியும்.

லோடு, அதாவது இணைப்பின் கிலோவாட் அளவைக் கூட்ட விண்ணப்பம், அதற்கு உரிமையாளரின் கையெழுத்து, புது கேபிள், புது போர்டு. உரிமையாளரோ வெளியூரில். ஒரு கப் விற்காமலே இரண்டு மாத வாடகை கொடுத்தேன்.

அது போதாதென்று, கழிவுநீர்க் குழாய் கடையின் பின்பக்கம், கவுன்டர் முன்பக்கம். தண்ணீர் ஓட மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கொடுக்க வேண்டும் என்றார் பிளம்பர். எட்டு மீட்டருக்கு 16 சென்டிமீட்டர்! புதிதாகப் போட்ட டைல்ஸை உடைக்க மனமில்லாமல், மேடை கட்டி கவுன்டரையே உயர்த்தினோம். கடைசிவரை அந்தப் படியில் தடுக்காத ஊழியர் கிடையாது.

ஆகவே இடம் பார்க்கப் போகும்போதே எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூட்டிப் போங்கள். ஒரு நாள் கூலிதான். வாங்கப்போகும் கருவிகள் ஒவ்வொன்றின் வாட் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். லோடு கூட்டச் சம்மதம், புகைக் குழாய் எந்தப் பக்கம் வெளியேறும், உள்வேலை முடியும்வரை வாடகை உண்டா இல்லையா, எல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று உரிமையாளர் சொன்னால், எதைப் பார்த்துக்கொள்வார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தண்ணீரைச் சோதிக்காமல் மெஷின் வாங்குவது

கடின நீர் என்றால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும். சரி, ஆர்ஓ போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தாது அடியோடு போன தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் நீர்மட்ட சென்சாரே தண்ணீர் இருப்பதை உணராது. முதலில் தண்ணீர்ச் சோதனை, அப்புறம் ஃபில்டர், அதற்கப்புறம்தான் மெஷின்.

நீண்ட மெனு

முப்பது வேண்டாம், பன்னிரண்டு போதும்.

எல்லாப் பணத்தையும் அலங்காரத்தில் போடுவது

ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் நாற்காலி வாங்குங்கள். நான் நாற்காலியை முதலில் வாங்கினேன். நான்காம் மாதம் அவற்றில் பாதியை விற்றுச் சம்பளம் கொடுத்தேன்.

பிரம்மாண்டத் திறப்பு விழா

பழகாத கைகளோடு கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள்.

நேற்று அந்தத் தம்பி கரண்ட் பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். 4 கிலோவாட். நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம்.