டிரம் அண்ட் பேஸ் மிக்ஸிங்: அடியை விடுங்கள், பாரை எண்ணுங்கள்

வியாசர்பாடியில் எங்கள் மாடி அறையில் கேரம் போர்டுதான் என் டிஜே மேசை. அதன்மேல் இரண்டு பாட்டைக் கலக்குகிற சின்ன கன்ட்ரோலர், பக்கத்தில் பழைய லேப்டாப். ஹவுஸ் என்கிற நடன இசையை ஓரளவு மிக்ஸ் செய்யத் தெரியும் என்ற தைரியத்தில், அதைவிட வேகமான டிரம் அண்ட் பேஸ் இசையில் கை வைத்தேன். ஒரு மாதம் கை உதறியதுதான் மிச்சம். ஹவுஸ் நிமிடத்துக்கு 120, 125 அடியில் போகும். இது 174. ஒவ்வோர் அடியையும் துரத்திப் பிடிக்கப் பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

முதல் வேலை, எண்ணிப் பழகுவது. கன்ட்ரோலரைத் தொடவே வேண்டாம். ஒரு பாட்டைப் போட்டு உட்காருங்கள். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். அடிக்கடி கேட்கிற தாளம் இப்படி: முதல் அடியில் கிக் (கனத்த டிரம் சத்தம்), இரண்டாவதில் ஸ்நேர் (கூர்மையான டிரம் சத்தம்), மூன்றாவது அடி தாண்டி அரை அடியில் இன்னொரு கிக், நான்காவதில் மறுபடி ஸ்நேர். 'டும் டக், கடும் டக்' என்று வாயால் சொன்னால் பிடிபட்டுவிடும். இப்போது ஒவ்வொரு 'டும்'முக்கும், அதாவது பாரின் முதல் கிக்குக்கு மட்டும், தொடையில் ஒரு தட்டு. 174 வேகத்தில் ஒரு பார் கிட்டத்தட்ட 1.4 விநாடி. இவ்வளவு நேரம் இருக்கிறதா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பதினாறு தட்டு முடிகிற இடத்தில் பாட்டில் ஏதாவது மாறும். ஒரு சிம்பல் விழும், புதுச் சத்தம் ஒன்று சேரும், இல்லையென்றால் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த சத்தம், வந்து இறங்கும். 16 பார் என்றால் 22 விநாடி, 32 பார் என்றால் 44 விநாடி. பெரும்பாலான பாட்டுகள் இந்தக் கட்டங்களில்தான் நிற்கின்றன. ஏமாற்றுகிற பாட்டும் உண்டு. ஆரம்பத்தில் அதை ஒதுக்கிவையுங்கள்.

அப்புறம் இரண்டு பாட்டை எடுங்கள், 172-க்கும் 175-க்கும் இடையில். லேப்டாப் சில நேரம் 174-ஐ 87 என்று காட்டும். பயப்பட வேண்டாம், பாதி வேகமாகக் கணக்கிட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பாட்டையும் தானே சேர்த்துவிடுகிற சிங்க் பட்டனை அழுத்துவது பாவமில்லை என்பது என் கட்சி. ஆனால் அடி விழும் இடம் என்று லேப்டாப் போடுகிற கோடு தப்பான அடியில் விழுந்திருந்தால் சிங்க்கும் தப்பாகத்தான் சேர்க்கும், அதனால் காது பழக வேண்டும். ஒரு டெக்கில் (கன்ட்ரோலரில் ஒரு பாட்டு ஓடுகிற பக்கம்) 174, இன்னொன்றில் 173.5 வைத்துக் கேளுங்கள். 32 பாருக்குள் சுமார் 0.13 விநாடி விலகிவிடும். ஸ்நேர் 'டக்' என்று ஒன்றாக விழாமல் 'டடக்' என்று இரட்டிக்கும். நம் ஏரியாவில் மேளக் குழு போகும்போது ஒருத்தர் மட்டும் கொஞ்சம் பிந்தினால் எப்படிக் கேட்கும்? அதே சத்தம்தான். வடசென்னைக்காரர் காதுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

'டடக்' கேட்டதும் ஜாக் வீலை, அதாவது டெக்கில் இருக்கும் வட்டச் சக்கரத்தை, லேசாகத் தள்ளுங்கள். சரியானால் வேகத்தை மாற்றுகிற பிட்ச் ஃபேடரையும் ஒரு மயிரிழை அதே பக்கம் நகர்த்துங்கள். வீலை மட்டும் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரியும்.

சரி, இப்போது பேஸ். இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். தெருவில் ஒரு காதுகுத்து விழா, கானா முடிந்ததும் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். இரண்டு பாட்டின் பேஸையும் திறந்து வைத்தபடியே புதுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிற ஃபேடரை ஏற்றிவிட்டேன். ஒரு நொடி காது அடைத்தது, அடுத்த நொடி பேஸே காணோம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. தாழ்ந்த பேஸ் அலைகள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சில இடத்தில் கூடி மீட்டர் சிவப்புக்குப் போகும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அதனால் புதுப் பாட்டின் லோ ஈக்யூவை (பேஸைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஃபேடரை ஏற்ற வேண்டும். பழைய பாட்டில் 16 பார் கட்டம் ஒன்று தொடங்கும்போது புதியதை ஓடவிடுங்கள். முதலில் ஹை, மிட், அதாவது உயர்ந்த, நடுச் சத்தங்கள் மட்டும் கலக்கட்டும். அடுத்த கட்டத்தின் முதல் கிக்கில் ஒரு கை பழைய லோவை இறக்க, மறு கை புதிய லோவை ஏற்ற வேண்டும். மெதுவாக இல்லை, சட்டென்று. இதை மட்டும் நான் இரண்டு வாரம் செய்தேன். இரண்டிலும் யாராவது பாடிக்கொண்டிருந்தால் ஒன்றின் மிட்டையும் குறையுங்கள், இல்லையென்றால் குழாயடிச் சண்டைதான்.

இது கைக்கு வந்தபிறகு டபுள் டிராப். டிராப் என்பது தாளமும் பேஸும் முழு வலுவோடு வந்து விழுகிற இடம். இரண்டு பாட்டின் டிராப்பும் ஒரே அடியில் விழ வேண்டும். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். புதுப் பாட்டில் ஆரம்பத்திலிருந்து டிராப் வரை 48 பார் இருந்தால், ஓடுகிற பாட்டின் இரண்டாவது டிராப்புக்குச் சரியாக 48 பார் முன்னால் பிளேயை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒரு கியூ பாயின்ட் (அடையாளக் குறி) வைத்துவிடுங்கள், நினைவை நம்ப வேண்டாம். டிராப் விழும்போது லோ ஒன்றில் மட்டும்தான் திறந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டின் பேஸ் வலுவோ அது இருக்கட்டும். எண்ணிக்கை தவறிவிட்டது என்று நடுவில் தெரிந்தால், புதுப் பாட்டின் ஃபேடரைப் பேசாமல் கீழே இறக்கிவிடுங்கள். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.