இராமநாதபுரக் கடற்கரையை அமெரிக்கப் பாணிகளில் வரையும் முறை

மண்டபத்திலும் பாம்பனிலும் கரையோரம் அமர்ந்து வரைய முற்படுவோரில் பலர், கடலுக்கு ஒரு நீலம், வானுக்கு ஒரு நீலம், நடுவில் ஒரு படகு என்று முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும்போது அது எந்த ஊர்க் கடலாகவும் இருக்கலாம் என்று தெரிகிறது. நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் தாள்களை வீணாக்கினேன். 1870களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க ஓவியர்கள் தங்கள் கரையையும் நகரத்தையும் எப்படிப் பார்த்தார்கள் என்று ஊன்றிக் கவனித்த பிறகே, பாணி என்பது எதை வரையாமல் விடுவது என்னும் முடிவுதான் என்பது எனக்குப் பிடிபட்டது. நம் கரையில் எந்த இடத்துக்கும் எந்த வேளைக்கும் எந்த முடிவு பொருந்தும் என்பதைத் தூரிகை பிடித்துப் பழகியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவர் வின்ஸ்லோ ஹோமர் (1836–1910). இதழ்களுக்குப் படம் வரைந்து பிழைத்துவந்த அவர், 1873ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தை முனைப்பாகக் கையிலெடுத்தார். 1884–85 குளிர்காலத்தில் பஹாமாஸ் தீவுகளுக்குச் சென்றபோது, பவளமணலின் மேல் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரின் ஒளி அவருக்குக் கிடைத்தது. மன்னார் வளைகுடாவும் பவளப்பாறைகள் நிறைந்த கடல் ஆகையால், மெய்ன் மாநிலப் பாறைகளில் மோதும் அலைகளை அவர் தீட்டிய புகழ்பெற்ற எண்ணெய் ஓவியங்களைவிட இந்தத் தீவு நீர்வண்ணங்களே நமக்கு நெருக்கமான பாடம்.

அவர் வழியில் வரைய, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனுள்ள தாளைப் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டு, வெள்ளை வண்ணக் குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நுரைக்கும் மணலுக்கும் வல்லத்தின் பாய்க்கும் தாளின் வெண்மையே போதும்; ஆகவே தொடங்குவதற்கு முன்பே அந்த இடங்களைப் பென்சிலால் மெல்லக் குறித்து ஒதுக்க வேண்டும். வானத்தை நன்றாக நீர்த்த செருலியன் நீலத்தில் ஒரே இழுப்பாக இட்டு முழுதும் உலரவிடுங்கள். பிறகு பலகையைத் தலைகீழாகத் திருப்பிச் சற்றே சாய்த்துக்கொண்டு, கரையோர நீரை வெறும் தண்ணீரால் நனைத்து, அதிலிருந்து அடிவானத்தை நோக்கி முதலில் பச்சை கலந்த நீலத்தையும், அது ஈரமாக இருக்கும்போதே அல்ட்ராமரைன் என்னும் அடர்நீலத்தையும் இறக்கிக்கொண்டு வாருங்கள். அடிவானக் கோட்டில் வண்ணம் கத்தியால் வெட்டினாற்போல் நிற்க வேண்டும்; அங்கே கசிந்தால் கடல் மேகமாகிவிடும். எல்லாம் உலர்ந்த பின் படகின் உடலை ஒரே அடர்நிறத்தில், ஒரே முயற்சியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தவறவிட்ட வெண்மையை மீட்க ஹோமரே இரண்டு வழிகளைக் கையாண்டார்: ஈரத் தூரிகையால் நனைத்து ஒற்றி எடுப்பது, நன்கு உலர்ந்த தாளைக் கத்தி முனையால் சுரண்டுவது.

தூரிகையைக் கடல்நீரில் அலசாதீர்கள். உப்பு தாளில் தங்கிக் காலமெல்லாம் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோவது பெரிய சுமையில்லை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வண்ணத்தட்டு முழுவதும் மணல் ஏறிவிடும் என்பதால், அந்நாட்களில் படகின் மறைவிலோ சுவரின் மறைவிலோ அமர்வதே நல்லது. பவளத்தைப் பார்க்கும் ஆசையில் வளைகுடாத் தீவுகளில் அனுமதியின்றி இறங்குவதும் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை.

ஹோமரிடம் கடலைத் தவிர இன்னொரு பாடமும் உண்டு. 1898இல் அவர் பஹாமாஸின் நாசோ நகரத்து மதில் ஒன்றை வரைந்தார்: மேலே கண்ணாடிச் சில்லு பதித்த வெள்ளை மதில், அதன் பின்னால் சிவந்த பூக்கள், ஓரத்தில் ஒரு கீற்றுக் கடல். கீழக்கரைத் தெருக்களில் நடந்தவருக்கு இந்தக் காட்சியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே பூ மட்டும் காகிதப்பூவாக மாறும். வெள்ளைச் சுவரை வெள்ளையாகக் காட்டுவது அதன் மேல் படியும் நிழல்களே. சாம்பலும் ஊதாவும் கலந்த மிக நீர்த்த பூச்சுகளை, ஒன்று உலர்ந்த பின் மற்றொன்றாக, இரண்டு மூன்று முறைக்கு மேல் போகாமல் இடுங்கள்.

நிழல் என்றதும் எட்வர்ட் ஹாப்பர் (1882–1967) நினைவுக்கு வர வேண்டும். 1929இல் மெய்ன் மாநிலக் கலங்கரை விளக்கத்தை அவர் வரைந்தபோது, மேட்டின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்து, கட்டடத்தையும் வானத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, கடலையே விட்டுவிட்டார். கடற்கரை ஓவியத்தில் கடல் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் தேவையில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களை இந்த வழியில் வரையுங்கள்: தாழ்வாக மணலில் அமர்ந்து, சுவரின் ஒளிபடும் முகத்தை ஒரே நிறமாகவும் நிழல் முகத்தை ஒரே நிறமாகவும் பிரித்து, விளிம்புகளைக் கூர்மையாக வைத்து, மனிதர்களையும் கடைகளையும் நீக்கிவிடுங்கள். சிதிலத்தின் ஒவ்வொரு கல்லையும் எண்ணி வரைந்தால் இரக்கம்தான் மிஞ்சும், ஒளி மிஞ்சாது.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. மெய்ன் ஏறத்தாழ 43 முதல் 47 பாகை வடக்கில் இருக்கிறது; அங்கே கோடை நண்பகலிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நாம் இருப்பதோ சுமார் 9 பாகையில். சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நின்று, நம் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஹாப்பரின் சாய்ந்த நிழல்கள் வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் மட்டுமே அவை இங்கு கிடைக்கும். இது தெரியாமல் ஒருநாள் முழுவதும் பன்னிரண்டு மணி வெயிலில் அமர்ந்து நான் வரைந்தது, கறுப்புக் கோடு போட்ட சுண்ணாம்புச் சுவர் போல வந்தது.

நண்பகலுக்கு ஏற்றது சார்லஸ் ஷீலரின் (1883–1965) வழி. 1927இல் ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஜ் தொழிற்சாலையைப் புகைப்படம் எடுக்க அமர்த்தப்பட்ட அவர், பின்னர் அதே காட்சிகளைத் தூரிகையின் தடமே தெரியாத எண்ணெய் ஓவியங்களாக்கினார். பாம்பனில் இதற்கென்றே செய்தாற்போல் புதிய ரயில் பாலம் நிற்கிறது: 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது, கப்பல் செல்ல நேர்மேலே உயரும் 72.5 மீட்டர் நீளப் பகுதி கொண்டது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்கு அமைப்பு ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குவது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலைப்பாலத்தின் மேல் நின்று வரையாதீர்கள். வண்டிகள் இடைவிடாமல் போய்வரும். கரையிலிருந்து சில புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் மூன்றே சாயல்களை முன்கூட்டியே கலந்து வைத்து நிரப்புங்கள். அலையை வரைய வேண்டாம். நீரும் ஒரு தட்டையான தளமாக இருக்கும்போதுதான் இரும்பு கனக்கும்.

ஹஸ்ஸம், சேஸ் போன்றோரின் அமெரிக்க இம்ப்ரெஷனிசத்தை, அதாவது ஒளியைச் சிதறிய வண்ணத் தீற்றல்களால் பிடிக்கும் பாணியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சேஸ் 1891 முதல் லாங் ஐலண்டின் ஷின்னகாக் கடற்கரையில் மாணவர்களைத் திறந்தவெளியில் வரைய வைத்தார் என்பது பின்பற்றத் தக்கது. ஆனால் அந்தச் சிதறிய வண்ணப் புள்ளிகளை நம் கடுவெயிலில் அப்படியே நகலெடுத்தால் படம் திருமண அழைப்பிதழாகிவிடுகிறது. மார்கழிக் காலையின் மங்கல் ஒளியில் மட்டும் முயன்று பாருங்கள்.

மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குக் நகரத் தெரு வாழ்க்கையை வரைந்து, குப்பைத்தொட்டிப் பாணி என்று கேலியாகப் பெயர் பெற்ற ராபர்ட் ஹென்றி குழுவினரே வழிகாட்டிகள். அவர்களில் ஸ்லோன், லக்ஸ், கிளாக்கன்ஸ், ஷின் நால்வரும் பிலடெல்ஃபியாச் செய்தித்தாள்களில் விரைந்து வரைந்து பழகியவர்கள். அட்டையை முதலிலேயே பழுப்பு நிறம் பூசி உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். கூடையும் ஐஸ் பெட்டியும் குனிந்த முதுகுகளும் அடர்ந்த திட்டுகளாக வந்த பின், மீனின் வெள்ளியையும் முகத்தில் படும் ஒளியையும் கடைசியில் வையுங்கள். முகம் தெரிய வரைவதானால் முன்பே கேட்டுக்கொள்வது முறை. ஒருமுறை நான் கேட்டபோது, கூடையை இறக்கிவைத்த ஒரு மூதாட்டி, “போடு தம்பி, ஆனா மீன மட்டும் சின்னதாப் போட்டுறாத” என்றார்.

தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடகடலான பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் இங்குள்ளோர் சொல்வார்கள். அலையடங்கிய வடகடலை அந்தி சாய்ந்த பின் வரைய, மாசசூசெட்ஸில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர் விஸ்லரின் முறை ஒன்று உண்டு. காட்சியை ஊன்றிப் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்டதை உடன் வந்தவரிடம் அவர் ஒப்பிப்பார். விடுபட்டதை மீண்டும் திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். ஓவியம் மறுநாள் வீட்டில் உருவாகும். தொலைவில் எரியும் படகு விளக்குகளில் இரண்டோ மூன்றோ மட்டுமே நினைவில் நிற்கும், அவை போதும்.

உருவங்களையே விட்டுவிட விரும்புவோர் ஹெலன் ஃபிராங்கென்தேலரைப் பின்பற்றலாம். 1952இல் நோவா ஸ்கோஷியா கடற்கரையிலிருந்து திரும்பிய அவர், பூச்சு இடாத கித்தானைத் தரையில் விரித்து, டர்பென்டைனில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். எண்ணெய் நாளடைவில் துணியைப் பாழாக்கும் என்பதால் அக்ரிலிக்கைப் பயன்படுத்துங்கள். கித்தானுக்குப் பதிலாகக் காடாத்துணி போதும். ஒருமுறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டு, மூலைகளில் கல் வைத்து விரித்து, ஊற்றிய வண்ணத்தைத் தூரிகையால் தொடாமல் துணியின் ஓரத்தைத் தூக்கியே ஓடவிடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் அது உலர இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை கோழி நடக்காத அறையில் கிடக்கட்டும்.