பிள்ளையின் முதுகுத்தண்டு வளைகிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளி உடுப்பும் தீபாவளி ரவிக்கையும் தைக்கச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அளவெடுக்கும்போது சில பெண்பிள்ளைகளுக்கு ஒரு தோள் ஏறியிருக்கும், இடுப்பு மடிப்பு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக விழும். மலாய் உடுப்பான பாஜு குரோங் தொளதொளவென்று இருப்பதால் பெற்ற தாய்க்கே இது தெரிவதில்லை. பெரும்பாலும் வலியும் இருக்காது. வலிக்கட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தால் பிள்ளையின் வளர்ச்சியே முடிந்துவிடும்.

10 வயது முதல் 15 வரை, சில மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பாருங்கள். முதுகு தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். பாதங்கள் சேர்ந்திருக்க, முட்டி மடங்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு மெல்லக் குனியட்டும். பின்னால் உட்கார்ந்து, முதுகு மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாக எழும்பினால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். எலும்பு மருத்துவருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் வளைவைப் பாகையில் (டிகிரி) அளப்பார்கள். 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் கோளாறு. 25-க்குக் கீழே என்றால் பொதுவாகக் கண்காணிப்பு மட்டும். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40, 45 வரை என்றால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கிப் போடும் கெட்டியான கவசம். 50-ஐத் தொட்டால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். "எத்தனை பாகை? இன்னும் எவ்வளவு வளர்வாள்?" இந்த இரண்டையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள். வயதுக்கு வந்த மாதத்தையும் சொல்லுங்கள், வளர்ச்சியைக் கணிக்க அது உதவும்.

பிரேஸ் இருக்கிற வளைவை நிமிர்த்துவதற்கு அல்ல, கூடாமல் நிறுத்துவதற்கு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 விழுக்காடு. கூடுதல் மணிநேரம் போட்டவர்களுக்குப் பலனும் கூடுதல். அந்த ஆய்வில் நாளுக்கு 18 மணிநேரமாவது போடச் சொன்னார்கள்.

நம் வெயிலில் 18 மணிநேரம் லேசான காரியமில்லை. என் அக்கா மகள் போடுகிறாள், அவளுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், பிரேஸைவிட நீளமாக, தையல் வெளிப்பக்கம் வருமாறு. உள்தையல் இருந்தால் தோல் புண்ணாகும். நாளுக்கு இரண்டு மூன்று பனியன் மாற்றவேண்டியிருக்கும். பிரேஸுக்கு அடியில் பவுடரோ எண்ணெயோ வேண்டாம். பள்ளி உடுப்பை ஒரு அளவு பெரிதாகத் தைத்தால் வெளியே தெரியாது. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளை அவர் சொன்னபடியே செய்யட்டும். உருவிவிட்டு நிமிர்த்துகிறேன் என்று யார் சொன்னாலும் பிள்ளையின் முதுகைக் கொடுக்காதீர்கள். புத்தகப்பையால் வந்தது, கூனி உட்கார்ந்ததால் வந்தது என்று அவளைத் திட்டவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. குடும்பவழியில் வருவதுண்டு என்பதால் தம்பி தங்கைகளையும் பார்த்துவிடுங்கள்.

"இவளை யார் கட்டுவான், பிள்ளை பெறுவாளா?" என்று அவள் காதுபடவே கேட்கும் உறவுகள் நம்மிடம் உண்டு. இந்த வளைவு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். அதை அவள் எதிரிலேயே, அவர்களிடம் சொல்லுங்கள்.